நல்லதுக்கு வைத்த கார்

எங்கள் வீட்டுக் கராஜில் ஏழு வருடமாக ஒரு கார் நின்றது. நான் அதற்கு வைத்த பெயர் சின்னவீடு. என் கணவர் மகேசன் வேலை முடிந்து வந்தால் என் முகத்தைப் பார்க்கமுதல் அதைத்தான் போய்ப் பார்ப்பார். போர்வையைத் தூக்குவார், ஒரு சுற்று நடப்பார், திரும்பப் போர்த்துவிட்டுக் கதவைப் பூட்டுவார். ஓட்டமாட்டார்.

அவுஸ்திரேலியாவில் கார் செய்வதையே நிறுத்துகிறார்கள் என்று செய்தி வந்த காலத்தில், கடைசியாகக் கொஞ்சம் மட்டும் செய்து விட்ட கார் அது. எட்டு சிலிண்டர் எஞ்சின். சிவப்பு உடம்பு, முன் மூடியில் இரண்டு கறுப்புப் பட்டி. கியர்க் கம்புக்குப் பக்கத்தில், அது எத்தனையாவது கார் என்று இலக்கம் வெட்டிய ஒரு சின்னத் தகடு. உள்ளே இருக்கிற எஞ்சின் சாதாரணக் காரிலும் உண்டாம். இந்தப் பட்டிக்கும் தகட்டுக்கும்தான் இரண்டு மடங்கு விலை.

"அந்தத் தகட்டில ஏறி இருந்து ஊர் சுத்தலாமோ?" என்று வாங்கிய அன்றே கேட்டேன்.

"உமக்கு விளங்காது வித்தியா. இனி இப்பிடி ஒண்டு செய்யமாட்டினம். வருசம் போகப் போக விலை ஏறும். ஓடினாத்தான் இறங்கும்."

ஓடினால் விலை இறங்குகிற காரை எந்த விசரனாவது வாங்குவானா? கேட்டால் சிரிப்பார். மனிதர் நியூசிலாந்தின் இந்த ஒக்லாந்து நகரத்தில் இருபது வருடம் பஸ் ஓட்டியவர். மழையோ வெயிலோ, மவுண்ட் ரோஸ்கில்லுக்கும் நகரத்துக்கும் இடையில் ஊர்ச்சனம் முழுவதையும் ஏற்றி இறக்கியவர். தன் காரை மட்டும் வாங்கிய அன்று கடையில் இருந்து கோயிலுக்கும், கோயிலில் இருந்து வீட்டுக்கும் ஓட்டினார், அவ்வளவுதான். கோயிலிலும் ஐயர் சந்தனப் பொட்டோடு வர, "ஐயா, கண்ணாடியில வையுங்கோ, பெயின்ரில வேண்டாம்" என்று குறுக்கே போய் நின்றார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

சீற்றுகளுக்குக் கடைக்காரன் போட்ட பிளாஸ்ரிக் உறையையும் கழற்றவில்லை. அதில் நான் அவரை மட்டும் குறை சொல்லமுடியாது. எங்கள் வீட்டுச் சோபா செற்றிக்கும் பிளாஸ்ரிக், ரிவி ரிமோட்டுக்கும் பிளாஸ்ரிக். நல்ல கோப்பைகள் கண்ணாடி அலுமாரிக்குள், நாங்கள் குடிப்பது காது உடைந்த கோப்பையில். எல்லாம் நல்லதுக்கு வைத்திருக்கிறோம். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஆட்கள் செத்த பிறகு அலுமாரியைத் துப்புரவாக்குவது நான்தான். விலைத்துண்டு கழற்றாத சட்டைகள் எத்தனையை மடித்துப் பெட்டியில் போட்டிருப்பேன்! அப்படியிருந்தும் என் அலுமாரியில் உடுக்காத சேலைகள் அடுக்கடுக்காய்க் கிடக்கின்றன.

போன மாரியில் அவருக்குக் கண் மங்கியது. சலரோகம் என்கிற நீரிழிவு கண்ணின் பின்பக்கத்தைத் தின்றுவிட்டது என்று டொக்டர் சொன்னார். கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். வலது கண் இனி வராது, இடது கண்ணைப் பார்ப்போம், இப்போதைக்கு றோட்டில் எதையும் ஓட்டக்கூடாது என்றார்கள். பஸ் வேலை அன்றோடு போயிற்று.

வீட்டுக்கு வந்தவர் நேரே கராஜுக்குள் போனார். நான் பின்னால் போனேன்.

"வித்தியா, ஒருக்கா எண்டாலும் நான் இதை ஓடவேணும்" என்றார். ஏழு வருடத்தில் அவர் வாயில் அது வந்த முதல் நாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் பழனிவேல் என்பவரின் போன் வந்தது. தமிழ்நாட்டுக்காரர், மவுண்ட் ஆல்பர்ட்டில் வீடு, ஐ.டி. வேலை, இப்படியான கார்களைத் தேடிச் சேர்க்கிறவர். எங்கள் காரைப் பற்றிக் கேள்விப்பட்டு, நாங்கள் நினைத்த விலைக்கு மேலேயே சொன்னார். "ஆனா சார், ஓடாத வண்டிக்குத்தான் இந்த ரேட்டு. நான் வந்து பாக்குற வரைக்கும் ஒரு ரவுண்டு கூடப் போகாதீங்க" என்றார்.

"பாத்தீரோ? பிரணவிக்கு வீடு வாங்கிற டெப்பொசிற் முழுக்க வந்திடும்" என்றார் இவர். பிரணவி எங்கள் ஒரே மகள்.

"அப்பா, ஐ டோன்ட் வான்ட் இற்! நீங்க ட்ரைவ் பண்ணுங்கோ" என்றாள் அவள்.

"உங்கட சிநேகிதன் சுந்தரத்தின்ர தோட்டத்துக்குள்ள எண்டாலும் ஒருக்கா ஓடிப்போட்டுக் குடுங்கோவன்" என்றேன் நான்.

"விலை குறைஞ்சிடுமப்பா."

அதற்கு மேல் கதைத்தால் என் வாயில் என்ன வருமோ என்று பயந்து நான் குசினிக்குள் போய்விட்டேன்.

சனிக்கிழமை பழனிவேல் வந்தார். கையுறை போட்டுக்கொண்டு, ரோச் லைற்றைப் பிடித்துப் பிடித்து, வெளிப்பக்கம் முழுக்கப் பார்த்தார். பெயின்ற் அருமை என்றார். மகேசனுக்கு முகமெல்லாம் பல். பிறகு முன்கதவைத் திறந்து, சீற்றின் பிளாஸ்ரிக்கை மெல்ல உரித்தார். முதலில் மணம்தான் வந்தது, காயாமல் மடித்துவைத்த துணியின் மணம். பின்னால் தோல் தெரிந்தது. பச்சையும் சாம்பலுமாகப் பூஞ்சணம் படர்ந்து, தையல் ஓரங்களில் தோல் வெடித்திருந்தது. பின் சீற்றும் அப்படித்தான். கூரைத் துணியிலும் புள்ளி புள்ளியாக ஏறியிருந்தது.

"என்ன தம்பி, என்ன?" என்று கேட்டார் மகேசன்.

"பூஞ்சை சார். இங்க பாருங்க." பழனிவேல் ரோச்சை அடித்துக் காட்டினார்.

"எங்க?"

வெளிச்சம் அவர் மூக்குக்கு முன்னால் விழுந்துகொண்டிருந்தது. அவர் குனிந்து, கையால் தடவித்தான் கண்டுபிடித்தார். விரலை முகர்ந்து பார்த்தார். "கராஜ் இருட்டப்பா, வேறொண்டுமில்லை. இடது கண் தெரியுது" என்றார் என்னிடம்.

"இந்த ஊரு ஈரத்துக்குப் பிளாஸ்டிக்க வாங்குன அன்னிக்கே கழட்டிருக்கணும் சார். லெதர் மூச்சு விடணும்ல" என்றார் பழனிவேல். நல்ல மனிதர், குத்திக் காட்டவில்லை. "எங்க வீட்லயும் ரிமோட் கவரக் கழட்டல. ஆனா சீட்டு, கூரை எல்லாம் மாத்துனா அப்புறம் இது ஒரிஜினல் கிடையாது. எனக்கு வேணாம் சார். மன்னிச்சுக்கங்க." அவர் போய்விட்டார்.

மகேசன் கராஜ் நிலத்தில் அப்படியே குந்திவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கத்தரிக்கோலைக் கொண்டுவந்து மிச்சப் பிளாஸ்ரிக் முழுவதையும் வெட்டி இழுத்து முற்றத்தில் எறிந்தேன்.

"இனி ஆருக்கு வைச்சிருக்கப் போறியள்? எழும்புங்கோ! ஓடுங்கோ!"

அவர் மறுக்கவில்லை. பிரணவி புதுப் பற்றரி போட்டு, ரயர் மாற்றி, றோட்டில் ஓடத் தகுதி என்கிற வொரண்ட் சான்றிதழ் எடுத்தாள். நானும் வினாகிரி போட்டு சீற்றைத் தேய்த்தேன். அடுத்த ஞாயிறு காலை மூவரும் நகரத்துக்கு வெளியே புக்கெகோஹி என்ற ஊருக்குப் புறப்பட்டோம். அங்கேதான் சுந்தரம் வெங்காயம் போடுகிறான். தோட்டத்துக்கு நடுவே அவனுக்குச் சொந்தமான நேர்ப்பாதை ஒன்று இருக்கிறது. ஆள் நடமாட்டம் இல்லை.

அதுவரை பிரணவிதான் ஓட்டினாள். எஞ்சின் உறுமும்போதெல்லாம் இவர் பக்கத்தில் இருந்து தொடையில் தட்டிச் சிரித்தார். இவ்வளவு சந்தோசமாக அவரை நான் எங்கள் கலியாணத்தன்றும் காணவில்லை. விலையாவது மண்ணாவது, இந்தச் சிரிப்புக்குக் கொடுத்த காசு தகும் என்று உண்மையாகவே நினைத்தேன்.

பாதையின் தொடக்கத்தில் பிரணவி இறங்கி இடம் கொடுத்தாள். அவர் ஏறி, ஸ்ரேறிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். நான் பக்கத்தில் இருந்தேன். முதலாம் கியர். கார் அசைந்தது. இரண்டாவது. கொஞ்சத் தூரம் நேராகப் போனது. பிறகு இடப்பக்கம் சரிந்து புல்லில் ஏறியது. அவர் திருப்பவில்லை. வெங்காயப் பாத்தி நேரே வந்தது.

"வலப்பக்கம்! வலப்பக்கமப்பா!" என்று கத்தினேன்.

பிறேக்கை அழுத்தினார். முன் ரயர் பாத்திக்குள் இறங்கி நின்றது.

"றோட்டு எங்க போகுது வித்தியா?" என்று கேட்டார். பாதை கண்ணுக்கு முன்னால் நேராகக் கிடந்தது.

"இடது கண் தெரியுது எண்டு சொன்னனியள்?"

"வெளிச்சம் தெரியுது."

எனக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. "பாவி மனுசா, ஏழு வருசம்! ஏழு வருசம் உங்களுக்குக் கண் இருந்ததப்பா!"

அவர் முன்னாலேயே பார்த்துக்கொண்டு இருந்தார்.

"கண் செக்குக்கு வரச்சொல்லி ஆஸ்பத்திரியால எத்தினை தரம் போன் எடுத்தவை. உமக்குச் சொன்னா ஏசுவீர் எண்டு சொல்லேல்லை. இப்ப நல்லாத்தானே தெரியுது, பிறகு போவம் எண்டு அதையும் வைச்சிருந்தன்."

பிரணவி ஓடிவந்து அவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள். அவர் கை ஸ்ரேறிங்கை விடவில்லை.