திருப்பத்தில் நிற்கிறவன்

விடியற்காலையில் ஐஸ் கம்பெனித் தொட்டியிலிருந்து ஐஸ் பார் புகைந்துகொண்டு வெளியே வருவது பார்க்க அழகுதான். பார்க்கிறவனுக்கு. கொக்கி போட்டு இழுக்கிறவனுக்கு விரல் இருக்கிறதா, விழுந்துவிட்டதா என்றே தெரியாது. பாரை உறையவைக்கிற உப்புத் தண்ணீர் நகக்கண்ணில் ஏறி எரியும்.

கப்பிச் சங்கிலியால் பார் இருக்கும் தகரப் பெட்டியைத் தூக்கிக் கவிழ்ப்பது என் வேலை. பார் கழன்று சிமெண்டுச் சறுக்கில் பாயும். சறுக்கு பாதியில் முழங்கை மாதிரி மடங்குகிறது. அந்தத் திருப்பத்தில் ஒருவன் காலை ஊன்றி, உடம்பைத் திருப்பி, பாரை உடைக்கிற மிஷின் பக்கம் தள்ளவேண்டும். முன்பு அங்கே இருவர். ஒருவன் பிடிப்பான், ஒருவன் தள்ளுவான். "ஒருத்தன் சும்மாதானே நிக்கிறான்" என்று முதலாளி ஓர் ஆளைக் கழித்தார். மிஞ்சியவன் என் மருமகன்.

ஒருநாள் பார் வேகமாக வந்துவிட்டது. ஊன்றிய கால் ஊன்றியபடி இருக்க, உடம்பு மட்டும் திரும்பியது. சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். மிஷின் இரைச்சலிலும் எனக்குக் கேட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இரண்டு முஷ்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினார். மேலே தொடை எலும்பு, கீழே கால் எலும்பு. இரண்டையும் குறுக்குமறுக்காகக் கட்டியிருப்பவை இரண்டு ஜவ்வுகள். முன்னது அறுந்துவிட்டது. நேராக நடக்கலாம், ஊன்றித் திரும்பினால் முட்டி நழுவும். நழுவ நழுவ நடுவிலிருக்கும் மெத்தையும் கிழியும். ஆபரேஷன் செய்யாமல் விட்டால் ஆயுசுக்கும் நொண்டிதான் என்றார்.

டாக்டர் சொன்னதும் தலையாட்டுகிற ஆள் நானில்லை. வீக்கம் வடிந்து அவன் விறுவிறுவென்று நடந்தபோது, "அந்தம்மா சும்மா பயமுறுத்துது" என்றுகூட மகளிடம் சொன்னேன். அன்று சாயங்காலமே, முதுகுக்குப் பின்னால் குழந்தை அழ, வெடுக்கென்று திரும்பியவன் துணிமூட்டையாகச் சரிந்தான். முட்டி தன் இடத்தைவிட்டுப் போய் வந்ததைக் கண்ணால் பார்த்தேன். அப்புறம்தான் நம்பினேன்.

இன்று காலை, ஆபரேஷன் ஆகும்வரை உட்கார்ந்து பார்க்கிற வேலை ஏதாவது கேட்டு வந்து நின்றான். முதலாளி நாற்காலியைவிட்டு அசையவில்லை.

"நட, பாப்போம்."

நடந்தான்.

"இன்னும் வேகமா."

நடந்தான்.

"மாப்பிள்ளை மாதிரி நடக்குறே! கால்ல என்ன கேடு? போய்த் திருப்பத்துல நில்லு. இல்லேன்னா வீட்டைப் பாத்துப் போ."

"நேரா நடக்க முடியுது மொதலாளி. திரும்பத்தான்..."

கொக்கி இழுக்கிறவர்களில் ஒருவன் குறுக்கே விழுந்தான். வாயாடி என்றுதான் அவனுக்குப் பெயர். "வண்டி நேரா ஓடுதுன்னு ஸ்டீயரிங்கைக் கழட்டி வச்சிட்டு ஓட்டுவீங்களா மொதலாளி?"

"உன்னை எவன்டா கேட்டான்?"

மருமகன் கொக்கியை எடுத்துக்கொண்டு திருப்பத்துக்குப் போனான். பிள்ளைக்காரன், வேறென்ன செய்வான்? அந்தக் காலை அவன் மெள்ள ஊன்றுவதை மேலிருந்து பார்த்தேன். பெட்டி சறுக்கின் விளிம்பில் சாய்ந்து தொங்கியது. என் கை இளகினால் பார் நேரே அவனிடம்தான் போகும்.

"என்ன பெருசு முழிக்கிறே? கவுத்து!"

"மாட்டேன்."

"மருமகன்னு பாசமோ?"

"ஆமா. உங்க மருமகனை அங்க நிக்க வைப்பீங்களா?"

முதலாளிக்கு முகம் கறுத்தது. "கெழவா, நீயும் கெளம்பு! டேய் வாயாடி, மேல ஏறிக் கவுத்துடா!"

அவன் ஏறினான். பேசுகிறவனை நான் எப்போதுமே நம்பியதில்லை; பேச்சோடு சரி. என் கைக்குக் கீழே சங்கிலியைப் பற்றினான்.

"கவுக்கவாடா வந்தே?" என்றேன்.

"பிடிக்க வந்தேன் மாமா. தனியா எவ்வளவு நேரம் தாங்குவீங்க?"

பாரம் பாதியானது. கீழே ஒருவன் கொக்கியைத் தரையில் போட்டான். அடுத்தவனும் போட்டான். ஒருவர்பின் ஒருவராகப் போய் மருமகனை ஒட்டி நின்றார்கள், எங்கள் இருவர் கையையும் நம்பி.

"ஐஸ் கரையுதுடா!"

"கரையட்டும். இந்த எடத்துக்கு ரெண்டு ஆள். இவனுக்குக் கால் சரியாகுற வரைக்கும் உக்காந்த வேலை. சரின்னு சொல்லுங்க, கவுத்துறோம்" என்றான் வாயாடி.

முதலாளி எழுந்தார். வெளியே ஐஸுக்காக நின்ற லாரிகள் ஹாரன் அடித்தன. பெட்டியிலிருந்து சொட்டிய தண்ணீர் சறுக்கில் இறங்கி, திருப்பத்தில் நின்ற அத்தனை கால்களையும் நனைத்துக்கொண்டு ஓடியது. ஒரு காலும் நகரவில்லை.