பாசிர் ரிஸில் யார்?

என் மகள் ஒரு பையனை "அவங்க" என்று சொன்ன அன்றைக்கே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அனுப்ரியாவுக்கு ஓ லெவல் பரீட்சை முடிவு வந்திருந்த வாரம் அது. ஒன்பது பாயிண்ட். எங்கள் ஊரில் பாயிண்ட் குறையக் குறையத்தான் பெருமை. ஒன்பது என்றால் பெரிய ஜூனியர் காலேஜே வாங்க வாங்க என்று கூப்பிடும். நாங்கள் இருப்பது குவீன்ஸ்டவுனில். வீட்டிலிருந்து நாலு பஸ் ஸ்டாப் தள்ளி ஒரு காலேஜ் இருக்கிறது, பேரைச் சொன்னாலே நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் அங்கேதான் சேரப்போகிறாள் என்று, நான் வேலை பார்க்கும் சிராங்கூன் ரோடு புடவைக் கடையில் எல்லாருக்கும் லட்டே கொடுத்து முடித்துவிட்டேன்.

இவள் என்னடாவென்றால், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு நிதானமாகச் சொல்கிறாள்: "அம்மா, நான் ஃபர்ஸ்ட் சாய்ஸா பாசிர் ரிஸ் காலேஜ் போடலாம்னு இருக்கேன்."

"எந்த ரிஸ்?"

"பாசிர் ரிஸ்மா. இல்ஹாம் சொன்னாங்க, அங்க ரொம்ப ஃபிரெண்ட்லியா இருக்குமாம். அவங்களுக்கு அந்த காலேஜ் நல்லா தெரியும்."

பாசிர் ரிஸ்! தீவின் அந்தக் கோடி. பதினாறு பாயிண்ட் எடுத்தவர்கள்கூடப் போகிற காலேஜ். எனக்கு அதுகூடப் பெரிதாகப் படவில்லை. 'சொன்னாங்க' என்றாளே, 'அவங்க' என்றாளே, அதுதான் சுருக்கென்று தைத்தது. கூடப் படிக்கிற ஒரு பையனை எவளாவது 'அவங்க' என்பாளா? நான் இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளைத்தான் வாயால் பேர் சொல்லாமல் 'அவங்க' என்பேன். அந்த ஆள் எதிரே உட்கார்ந்து மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.

"கேட்டீங்களா?" என்றேன் அவரிடம்.

"கேட்டேன். படிக்கப்போறவ அவ. விடேன் லா," என்றார் சுந்தரம். ஜூரோங் தொழிற்சாலையில் மெஷின் சத்தத்திலேயே இருபது வருஷம் ஓட்டியவருக்கு வீட்டில் குண்டு வெடித்தாலும் காதில் விழாது.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போனது. விண்ணப்பம் போடக் கொஞ்ச நாள்தான் கொடுப்பார்கள். அவளாகவே போனைத் தட்டிப் போட்டுவிடலாம். ஆனால் நான் சரி என்று சொல்லாமல் போடமாட்டாள், அந்த அளவுக்கு வளர்த்திருக்கிறேன். அதற்குள் உண்மையைக் கண்டுபிடிக்க வேண்டும். எவனோ ஒருத்தனுக்காக என் பெண் தன் ரெண்டு வருஷத்தைத் தூக்கி எறிய நான் விடுவேனா?

அவள் போனைப் பார்த்துச் சிரித்தால் நான் பாத்திரம் கழுவுவதை நிறுத்தினேன். குப்பை கொட்டக் கீழே போனால் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். வாய்ஸ் மெசேஜ் வந்தால் டிவி சத்தத்தைக் குறைத்தேன். ஒரு நாள் குளியலறையிலிருந்து பாட்டு வந்தது. ஓஹோ, பாட்டு வேறயா என்று நினைத்துக்கொண்டேன்.

நேரடியாகக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டால் உஷாராகிவிடுவாள். திருடனைப் பிடிப்பவர் யாராவது தம்பட்டம் அடித்துக்கொண்டு போவாரா? போகிற போக்கில் கேட்பதுபோல, "இல்ஹாம் வீடு எங்கடி?" என்று மட்டும் கேட்டேன்.

"வீடு தெரியலம்மா. அவங்க அத்தா டன்லப் ஸ்ட்ரீட்ல பெட்டிக் கடை வெச்சிருக்காங்க. டிராவல் பேக், சூட்கேஸ் எல்லாம்."

டன்லப் ஸ்ட்ரீட்! என் கடையிலிருந்து நடக்கிற தூரம். மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறக்காமலேயே கிளம்பிவிட்டேன். கூட வேலை பார்க்கும் முத்தாயி, "எங்கக்கா இந்த வெயில்ல?" என்றாள். "சூட்கேஸ் பாக்க," என்றேன்.

கடை வாசலில் பெட்டிகள் நடைபாதை வரைக்கும் நின்றன. உள்ளே நரைத்த தாடியும் வெள்ளைத் தொப்பியுமாக ஒருவர். ஜலாலுதீன் என்று தானே பேர் சொன்னார்.

"வாங்கம்மா. ஊருக்கா? எத்தனை கிலோ? நாலு சக்கரம் பாருங்க, தொட்டாலே ஓடும்."

நான் ஒரு சிவப்புப் பெட்டியின் ஜிப்பை இழுத்து இழுத்துப் பார்த்தேன். "எம் பொண்ணு அனுப்ரியா. உங்க புள்ளையோட ஒண்ணா படிச்சா."

"அட, அனு அம்மாவா! நம்ம கடைக்கு வந்திருக்கே அந்தப் புள்ள. நல்ல புள்ள." முகமெல்லாம் சிரிப்பு. கடைக்கே வந்திருக்கிறாளாம்!

"உங்க பையன் இல்ஹாம் எந்த காலேஜுக்குப் போறாரு?"

அவர் கையிலிருந்த விலைச்சீட்டை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "பையனா? எனக்கு ஏதும்மா பையன்? அல்லா குடுத்தது மூணும் பொம்பளப் புள்ளைங்க. இல்ஹாம்தான் கடைக்குட்டி." போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். தலையில் துணி சுற்றி, மூக்குக் கண்ணாடி போட்ட ஒல்லிப் பெண். பக்கத்தில் என் மகள், வாயெல்லாம் பல்.

"இல்ஹாம்னா ஆம்பளைக்கும் வைப்பாங்க, பொம்பளைக்கும் வைப்பாங்க. நெறைய பேருக்கு இந்தக் கொழப்பம்," என்று என்னைத் தேற்றினார் பாவம்.

அசடு வழிந்துகொண்டு நின்றேன். இருந்தாலும் என் நாக்கு சும்மா இருக்குமா? "அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து பாசிர் ரிஸ் போறாங்களாக்கும்?"

"இல்லையே. அங்க படிச்சது எங்க பெரியவ. இல்ஹாம் காலேஜே வேணாம்னுட்டா. பாலிடெக்னிக்ல நர்சிங் படிக்கப்போறா. நானும் எம் பொஞ்சாதி மைமூனும் சரின்னுட்டோம்."

அந்தச் சிவப்புப் பெட்டியை வாங்காமல் வருவது நியாயமில்லை என்று பட்டது. வாங்கிக்கொண்டு வந்தேன்.

பெட்டியை உருட்டிக்கொண்டு சிராங்கூன் ரோட்டைக் கடப்பதற்குள் வந்த நிம்மதி போய்விட்டது. இல்ஹாம் பெண். சரி. இல்ஹாம் அங்கே போகவும் இல்லை. அப்படியானால் பாசிர் ரிஸில் வேறு யார்? தோழியையே 'அவங்க' என்கிறவள், உண்மையான ஆளைப் பற்றி வாயே திறக்கவில்லையே! சாயங்காலம் வரைக்கும் ஒரு புடவைகூட ஒழுங்காக மடிக்கவில்லை. வந்தவரிடம் பட்டுக்குப் பதில் பூனம் புடவையைக் காட்டினேன்.

வீட்டுக்குப் போனதும் பெட்டியைக் கூடத்தின் நடுவே நிறுத்தினேன். அனு சோபாவில் இருந்தாள். அவங்க அப்பா அப்போதுதான் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஏன்டி, ஒரு பொம்பளப் புள்ளைய எதுக்கு அவங்க இவங்கன்னு சொல்ற?"

"யாரை?"

"இல்ஹாமைத்தான்!"

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. "அம்மா, நாங்க எல்லாரையுமே அப்படித்தான் சொல்லுவோம். அவன்னா வந்தான், அவள்னா வந்தாள்னு வார்த்தையோட முடிவு மாறிட்டே இருக்கும்ல, தமிழ் ஓரல் எக்ஸாம்ல தப்பாயிடும். அவங்க வந்தாங்கன்னா சேஃப். கீழ படுத்திருக்குமே பூனை, அதைக்கூட இல்ஹாமும் நானும் அவங்க தூங்குறாங்கன்னுதான் சொல்லுவோம்."

சுந்தரம் விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "அது கெடக்கட்டும். இல்ஹாம் நர்சிங் போறா. அவங்க அத்தா கடைக்கு நானே போய்க் கேட்டுட்டு வந்துட்டேன்."

அனுவின் முகம் மாறியது. "கடைக்குப் போனீங்களா? போய் என்ன கேட்டீங்க?"

"நான் கேக்குறதுக்கு மொதல்ல பதில் சொல்லு. பக்கத்துல இவ்ளோ பெரிய காலேஜை விட்டுட்டு அவ்ளோ தூரம் எதுக்கு? பாசிர் ரிஸ்ல யாருடி?"

"யாருமே இல்லம்மா. அதான்."

"அதான்னா?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "பக்கத்து காலேஜ்னா நீங்க லஞ்சுக்கு வருவீங்க. கேட்ல நிப்பீங்க. என் கூட நடந்து வர்ற பசங்க பேரெல்லாம் கேப்பீங்க. செகண்டரியில அப்படித்தானே பண்ணீங்க? அதுக்கப்புறம் யாரும் என்னை எதுக்கும் கூப்பிடல. இல்ஹாம் மட்டும்தான் இருந்தாங்க. இப்ப அவங்க கடைக்கும் போயிட்டீங்க. பாசிர் ரிஸ்னா ஒரே டிரெயின், பச்சை லைன், கடைசி ஸ்டேஷன். மேப்ல பாத்தேன். இந்த ஊர்ல இதுக்கு மேல தூரமா போக எனக்கு வேற காலேஜ் இல்லம்மா."

யார் அந்த ஆள், யார் அந்த ஆள் என்று தெருத்தெருவாகத் தேடினேன். நான்தான் அந்த ஆள். சுந்தரம் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு சாக்ஸோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். அவருக்கு இது முன்னாலேயே தெரியுமோ என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்கு என்னை நானே திட்டிக்கொண்டேன்.

"மொதல்லயே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"சொன்னா, இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு கேப்பீங்க."

நாக்கு நுனியில் அதே கேள்விதான் நின்றுகொண்டிருந்தது. கஷ்டப்பட்டு விழுங்கினேன். அடுப்படிக்குப் போய் வெறுமனே குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அழுகையாக வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தேன்.

"சரி. பாசிர் ரிஸே போடு."

அவள் தலையைத் தூக்கி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள், நடுக்கூடத்தில் நிற்கும் பெட்டியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், திரும்ப என்னைப் பார்த்தாள்.

"ஏம்மா திடீர்னு ஓகேன்றீங்க? அங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?"

"யாரும் இல்லடி. சத்தியமா."

அவள் நம்பவில்லை.