எல்லைக் கல்லின் மேல் ஒரு பூந்தொட்டி

"ஒரு சின்னக் கல்யாணம்தான் மேடம், கொஞ்சம் அவசரம்." போனை எடுத்தால் எல்லோரும் இதையேதான் சொல்வார்கள். கேட்டாலே ஆர்டிஸுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஹாட்லோ ஊரின் சமாதான நீதிபதி அவள். அரசியல் கட்சி அவள் பெயரைக் கொடுக்க, உறுதிமொழி எடுத்து, எட்டு வருஷமாகக் கல்யாணம் செய்து வைக்கிறாள். நாய்க்கு முடி வெட்ட மூன்று மாதம் முன்னாலேயே நேரம் குறித்து வைக்கிற ஜென்மங்கள், கல்யாணத்துக்கு மட்டும் காலையில் யோசித்து மத்தியானம் வந்து நிற்கும்.

அதோடு அனுமதிச் சீட்டு என்று ஒரு தலைவலி. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் எந்த ஊர் அலுவலகத்தில் சீட்டு வாங்குகிறாயோ, அந்த ஊர் எல்லைக்குள் நின்றுதான் கல்யாணம் பண்ண வேண்டும். அன்று காலைகூட, பக்கத்து ஊரான வெக்ஸ்பரியின் சீட்டோடு வந்த ஒரு ஜோடியை வாசலோடு விரட்டினாள். ஊர் பேரைக்கூடப் பார்க்கத் தெரியாதவர்களுக்குக் குடும்பம் ஒரு கேடா என்று கேட்டும் விட்டாள். இதே ஊரில் எதிர்க்கட்சி கொடுத்த நீதிபதி வெர்னா ஸ்டப்ஸாக இருந்தால் கூடவே போய் வெக்ஸ்பரி பெட்ரோல் பங்கில் நின்றாவது முடித்து வைத்திருப்பாள். வெர்னா பெயர் காதில் விழுந்தாலே ஆர்டிஸ் முகத்தைச் சுளிப்பாள்.

இரண்டரை மணிக்கு வந்தவர்கள் வெண்டலும் கார்லாவும். அவன் நிலம் அளக்கிற கம்பெனியில் வேலை செய்கிறவன், பூட்ஸில் சேறு. கார்லாவுக்குச் செவ்வாய்க்கிழமை வயிற்றில் ஆபரேஷன். அவளுக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது, அவனுக்கு உண்டு. அன்று நாலு மணிக்குள் ஊர் அலுவலகத்தில் கல்யாணத்தைப் பதிந்து நகலை அனுப்பினால்தான் மனைவி என்று சேர்ப்பார்கள். இல்லையென்றால் ஆபரேஷன் இல்லை. ஆக, இன்ஷூரன்ஸ் அட்டைக்காக ஒரு கல்யாணம் என்று ஆர்டிஸ் உதட்டைப் பிதுக்கினாள்.

அதிசயமாகச் சீட்டு ஹாட்லோவுடையதாகவே இருந்தது. லைலாக் செடி வேலியைத் தாண்டிப் பின்னால் இருந்த மரப் பந்தலுக்கு அழைத்துப் போனாள். ஒன்பது வருஷம் முன்பு, தங்கள் கல்யாணத்துக்கென்றே அவள் கணவன் ஆர்மண்ட் தன் கையால் கட்டிய பந்தல் அது. இருவருக்கும் இரண்டாம் கல்யாணம். ஆர்மண்ட் பந்தல் படியில் உட்கார்ந்து டோனட் தின்றுகொண்டிருந்தான்.

ஆர்டிஸ் புத்தகத்தைத் திறந்தாள். மாப்பிள்ளையோ பெண்ணைப் பார்க்காமல் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றான். திடீரென்று போய், வேலியோரத்து ஜெரேனியம் பூந்தொட்டியை எடுத்துக் கீழே வைத்தான். அடியில் முழங்கால் உயரக் கருங்கல். பாசியை விரலால் சுரண்டினான். வீட்டுப் பக்கம் ஹாட்லோவின் முதலெழுத்து, பந்தல் பக்கம் வெக்ஸ்பரியின் முதலெழுத்து.

"மேடம், இது ஊர் எல்லைக் கல்லு. நாம நிக்கிறது வெக்ஸ்பரி."

எல்லை பந்தலுக்கு அப்பால் ஓடுகிற ஓடைதான், சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் என்றாள் ஆர்டிஸ். நேற்று முளைத்தவன் வந்து என் கொல்லையில் எனக்கு ஊர் காட்டுகிறானா என்று ஆத்திரம் பொங்கியது. படியிலிருந்து ஆர்மண்ட் சாவகாசமாகக் கேட்டான்.

"வெக்ஸ்பரிலேருந்து வருஷா வருஷம் ஏதோ வரிச் சீட்டு வருதே, அது இதுக்குத்தானா?"

"அதை ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலையே."

ஆர்டிஸ் கணக்குப் போட்டுப் பார்த்தாள். எட்டு வருஷம், இருநூறு ஜோடிகளுக்கு மேல், எல்லாம் ஹாட்லோ சீட்டு, எல்லாம் இந்தப் பந்தல். பேசாமல் நாலு வரி படித்து அனுப்பிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? காகிதத்தில் ஹாட்லோ என்று எழுதினால் ஹாட்லோதான். அதைத்தான் சொன்னாள்: "யாரும் வந்து அளந்து பாக்க மாட்டாங்க, தம்பி. வந்து நில்லு."

கார்லா இடைமறித்தாள். "அந்த இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரன் ஒரு புள்ளி தப்புன்னாலும் பணம் தர மாட்டான் மேடம். ஏற்கெனவே ஒரு தடவை என்னைச் சேர்க்க மாட்டேன்னு திருப்பிட்டான். இன்னொரு தடவை என்னால தாங்க முடியாது." கையை வயிற்றில் அழுத்திக்கொண்டே சொன்னாள்.

ஆர்டிஸ் புத்தகத்தை மூடினாள். வேலியைத் தாண்டி, விறகு அடுக்கிய கொட்டகைக்கும் குப்பைத் தொட்டிக்கும் நடுவே போய் நின்று, இங்கே வாருங்கள் என்று கை காட்டினாள். அங்கே வைத்துத்தான் அவர்களுக்குக் கல்யாணம் ஆனது. நாலு நிமிஷம். கார்லா அழுதாள், வெண்டல் சேற்றுக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டான். மூன்று மணிக்கெல்லாம் கையெழுத்துப் போட்ட காகிதத்தோடு கார் பறந்தது.

ஆர்மண்ட் விரலில் ஒட்டிய சர்க்கரையை நக்கினான். "அப்போ நம்ம கல்யாணமும் ஹாட்லோ சீட்டுதானே? ஒம்பது வருஷமா நான் பிரம்மச்சாரியா?"

"வாயை மூடு. போய்ச் சட்டையை மாத்து. அலுவலகம் மூட இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு, புதுச் சீட்டு வாங்கிடலாம்."

தனக்குத் தானே கல்யாணம் செய்து வைத்துக்கொள்ள எந்த நீதிபதிக்கும் அதிகாரம் கிடையாது. ஹாட்லோவில் இன்றைக்குக் கூப்பிட்டால் இன்றைக்கே வரக்கூடியவள் ஒருத்திதான். ஆர்டிஸ் போனை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"வெர்னா, நான் ஆர்டிஸ் பேசறேன்," என்றாள். "ஒரு சின்னக் கல்யாணம்தான். கொஞ்சம் அவசரம்."