அக்கா வீட்டுச் சுவர்

சிவப்புப் பெயிண்ட்டில் டர்பன்டைன் ஊற்றி அவன் குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் பட்டியலை நீட்டினார்.

"இந்தத் தெருவுல இன்னிக்கு நாலு. அதே வாசகம்தான்."

நகராட்சியில் தினக்கூலிக்குச் சுவரில் எழுதுகிறவனுக்கு வாசகம் மனப்பாடம்: 'அபாயகரமான கட்டடம். பதினைந்து நாளில் காலி செய்யவும்.' நான்காவது கதவு எண்ணைப் பார்த்ததும் கலக்கிய கை நின்றது. அது அக்கா குடியிருக்கும் கட்டடம்.

மூன்றை எழுதி முடித்து, மதியத்துக்கு மேல் மாடி ஏறினான். கைப்பிடி உடைந்துபோன இடங்களில் கயிறு கட்டியிருந்தார்கள். போன வருடம் இந்தப் படியில்தான் மாமா விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அன்றிலிருந்து கட்டில்தான். உள்ளே, காரை உதிர்ந்த கூரையில் கம்பிகள் தெரிந்தன. தையல் மெஷினுக்கு மேலே பாலிதீன் தாளை இழுத்துக் கட்டி, அதன் கீழே அக்கா சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னடா இந்நேரத்துல? சாப்ட்டியா?" என்றவள் அவன் விரல்களைப் பார்த்தாள். நகக்கண் வரை சிவப்பு. மெஷினை மிதிப்பதை நிறுத்தினாள்.

"நம்ம வீடா?"

"ஆமாக்கா. முடியாதுன்னு சொல்லிடறேன். வேற யாராவது எழுதட்டும்."

"நீ எழுதலைன்னா வீடு கெட்டியாயிடுமா? உன் வேலைதான் போகும்."

கட்டிலிலிருந்து மாமா சொன்னார்: "என்னை எப்படிக் கீழ எறக்கறதுன்னும் சேர்த்து எழுதிடு, மாப்ளே."

மூவரும் சிரித்தார்கள். அவன்தான் முதலில் நிறுத்தினான்.

"எங்கூட வந்துடுங்கக்கா."

"உன் ஒத்த ரூம்ல ஏற்கெனவே அஞ்சு பேரு. நாங்க ஆணியடிச்சுத் தொங்கறதா? முதல்ல சாப்புடு."

மாமாவுக்கு எடுத்து வைத்திருந்த சோற்றில் பாதியைத் தட்டில் போட்டாள். வேண்டாமென்றால் திட்டுவாள் என்று தெரிந்து, சாப்பிட்டான்.

கீழே தரை பெயர்ந்திருந்ததால் ஏணி நிலையாக நிற்கவில்லை. பின்னாலேயே இறங்கி வந்த அக்கா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"'தையல் மாடியில்'னு எழுதியிருக்கு பாரு, அதை மறைச்சிடாத. இன்னும் பதினஞ்சு நாள் இருக்கில்ல? யாராவது வருவாங்க."

அவன் அதற்கு மேலே எழுதினான். கடைசி வரிக்கு வந்தான். அக்கா அண்ணாந்து பார்த்தாள்.

"'கா' கோணிக்கிட்டுப் போகுது பாரு. நிதானமா எழுதுப்பா, நான் பிடிச்சிருக்கேன்."