படியில் ஒரு கால்

இந்த ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டீயரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் என்று டிரைவிங் மாஸ்டருக்கு ஏகப்பட்ட பெருமை. காரில்லாமல் இங்கே குப்பை கொட்டக்கூடப் போக முடியாது என்பார். ஊரையும் அப்படித்தானே கட்டி வைத்திருக்கிறார்கள்! பால் வாங்க நெடுஞ்சாலை ஏற வேண்டும், நடைபாதை என்று பேருக்குக்கூட ஒன்று கிடையாது. அப்பேர்ப்பட்ட மனுஷன் அன்றைக்குக் காலையில் பஸ் ஸ்டாப்பில் நின்றார் என்றால், விதிக்கு எவ்வளவு குசும்பு பாருங்கள்.

கார் பிரேக் வேலைக்காக ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. செக்கப்புக்குப் போன நிறைமாத மகளை அப்படியே அட்மிட் செய்துவிட்டார்கள். குழந்தை திரும்பிக் கிடக்கிறதாம், ஆபரேஷன் பண்ணியே ஆக வேண்டுமாம். வெளியூரிலிருந்து ஓடிவந்த மருமகனோ, நெடுஞ்சாலையில் லாரி கவிழ்ந்ததால் நெரிசலின் நட்டநடுவில் மாட்டிக்கொண்டார். டாக்ஸிகளும் அங்கேதான்.

மகள் போனில் அழுதாள். "அப்பா, பயமா இருக்குப்பா. உங்க முகத்தைப் பார்க்காம உள்ள போக மாட்டேன். சீக்கிரம் வாங்கப்பா, இவங்க ரொம்ப நேரம் காத்திருக்க மாட்டாங்களாம்."

தாயில்லாப் பெண். மாஸ்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தட்டினார் சம்பந்தியம்மா, அதாவது மருமகனின் தாயார். ரெண்டு தெரு தள்ளி வீடு, ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை. "செருப்பை மாட்டுங்க சம்பந்தி. பஸ்ல போயிடலாம்."

கல்யாணம் பேசும்போதே 'கார்கூட இல்லாத வீடா?' என்று முகம் சுளித்தவர் மாஸ்டர். அது சம்பந்தியம்மாவின் காதில் விழாமலும் இல்லை. அதையெல்லாம் நினைத்துக்கொண்டிருக்க இப்போது யாருக்கு நேரம்?

கார் ஷோரூம் வாசலில் ஒரு கம்பம். அதுதான் பஸ் ஸ்டாப். நிழல் கிடையாது, உட்கார இடம் கிடையாது. சம்பந்தியம்மா குனிந்து கைப்பையில் பயண அட்டையைத் தேடிக்கொண்டிருந்தபோது பஸ் வந்தது. வேகம் குறைந்தது. மாஸ்டரின் கை தானாக எழுந்தது. பெரிய வண்டிக்கு வழிவிடு என்று ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொடுத்த கையல்லவா! "போங்க, போங்க" என்று மகா மரியாதையாக அசைந்தது. ஓட்டுநரும் தலையாட்டி நன்றி சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார்.

சம்பந்தியம்மா நிமிர்ந்து பார்த்தார். "என்ன சம்பந்தி, பஸ்ஸை வழியனுப்பி வெச்சுட்டீங்களா?"

"அது... பழக்க தோஷம்..." மாஸ்டர் அசடு வழிந்தார்.

"சரி, விடுங்க. அடுத்தது வரும். ஆனா பெரிய ஜங்ஷன்ல இறங்கி ஆஸ்பத்திரி பஸ் பிடிக்கணும். அதை விட்டா அப்புறம் மதியம்தான்."

அடுத்த பஸ் வந்தது. உள்ளே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நாலு பேர் இருப்பார்கள் என்று மாஸ்டர் நினைத்திருந்தார். அடேயப்பா, அது பஸ்ஸா, கல்யாண வீடா! "என்னக்கா, இன்னிக்கு லேட்டு?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். சம்பந்தியம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் விஷயத்தைப் போட்டு உடைத்தார். "மருமகளுக்கு ஆபரேஷன். இவரு அவளோட அப்பா. இவரு முகத்தைப் பார்த்துட்டுத்தான் உள்ள போவேன்னு பிடிவாதமா இருக்கா. ஆஸ்பத்திரி பஸ்ஸைப் பிடிச்சாகணும்."

அவ்வளவுதான், பஸ்ஸே பரபரப்பாகிவிட்டது. மாஸ்டரை வாசலுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்தார்கள். பஸ்ஸுக்கென்று ஒதுக்கிய தடத்தில் வண்டி விறுவிறுவென்று போக, பக்கத்தில் கார்கள் அசையாமல் நின்றன. அவரிடம் படித்த கைகள் எத்தனை அந்த ஸ்டீயரிங்குகளில் தாளம் போட்டுக்கொண்டிருந்தனவோ! ஒரு செக்யூரிட்டிக்காரர் எழுந்து கதவருகே போய்த் தயாராக நின்றார்.

"இன்னிக்கு நான் வைக்கிறேன்க்கா."

"என்ன வைக்கப் போறாரு?" என்று மாஸ்டர் கிசுகிசுத்தார்.

"காலைத்தான். படியில கால் இருந்தா கதவு மூடாது. கதவு மூடலைன்னா வண்டி நகராது. நம்மள்ல யாருக்கு ஓட முடியுதோ அவங்க போய்க் கால் வெச்சு நிப்பாங்க, ஓட முடியாதவங்க வந்து சேர்ற வரைக்கும். இந்த ரூட்ல அது ஒரு வழக்கம்."

ஜங்ஷனில் கதவு திறந்ததுதான் தாமதம், செக்யூரிட்டிக்காரர் எடுத்தார் பாருங்கள் ஒரு ஓட்டம்! சாலைக்கு அந்தப்புறம் ஆஸ்பத்திரி பஸ் உறுமிக்கொண்டிருந்தது. மாஸ்டரும் சம்பந்தியம்மாவும் சிக்னலுக்குக் காத்திருந்து, மூச்சு வாங்கக் கடந்தார்கள். அங்கே ஒரே ரகளை.

"காலை எடுய்யா!" என்று கத்தினார் ஓட்டுநர்.

"எடுக்க மாட்டேன் அண்ணே. ஒரு பொண்ணுக்கு ஆபரேஷன். அப்பா வர்றாரு."

"அதை முதல்லயே சொல்றதுக்கென்ன? நில்லு, நில்லு."

மாஸ்டர் ஏறும்போதுதான் செக்யூரிட்டிக்காரரைக் கேட்டார், "நீங்க எந்தப் பக்கம் போகணும்?"

"எதிர்ப்பக்கம் சார். என் பஸ் இப்பத்தான் போச்சு. அடுத்ததுல போய்க்கிறேன், நீங்க பொண்ணைப் பாருங்க."

மாஸ்டர் இரண்டு கையாலும் கும்பிட்டார். எப்பேர்ப்பட்ட ஜனங்கள்! இவர்களையா இத்தனை வருஷம் பாவப்பட்டதுகள் என்று நினைத்தோம் என்று வெட்கமாக இருந்தது. சம்பந்தியம்மாவைப் பார்த்தார். அவர் அடுத்த சீட்டுக் குழந்தைக்கு ஷூ லேஸ் கட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

ஆபரேஷன் அறை வாசலில் ஸ்ட்ரெச்சரில் கிடந்தாள் மகள். "அப்பா!" என்று கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"யாராவது ஒருத்தர் மட்டும் கூட வரலாம்" என்றாள் நர்ஸ். "சீக்கிரம்."

"நீங்க வாங்கப்பா."

போக வேண்டும் என்றுதான் அவருக்கும் உயிர் துடித்தது. ஊசியைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்கிற ஆசாமி, இவளுக்காக அதையும் பார்த்துவிடலாம்தான். ஆனாலும் அவர் திரும்பினார்.

"சம்பந்தியம்மா, நீங்க போங்க."

"நானா சம்பந்தி? அவ உங்களைத்தானே..."

"நீங்கதான்." அவர் மகளின் நெற்றியைத் தடவிக்கொடுத்தார். "என்னை இங்க கொண்டுவந்து சேர்த்ததே உன் மாமியார்தாம்மா. நானா வந்திருந்தா இன்னும் பாதி வழியிலதான் நின்னுட்டிருப்பேன். இவங்க பக்கத்துல இருந்தா எதுவும் தப்பாப் போகாது. நான் இங்கயேதான் இருப்பேன்."

சம்பந்தியம்மாவின் கண் கலங்கிவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் வந்தார்.

மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அப்பாவின் கையை விட்டுவிட்டு, அதே கையை மாமியாரிடம் நீட்டினாள்.

"வாங்க அத்தை."