எந்தப் பொறுப்பில்?

புளியமேட்டில் கடைசியாக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-இல். அதில் முப்பத்தோரு ஓட்டு வித்தியாசத்தில் வார்டு உறுப்பினராக ஜெயித்தவள் அமிர்தம். பதவிக்காலம் முடிந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அடுத்த தேர்தல் வரவேயில்லை. அதனால் தெருவில் எது கெட்டாலும் ஜனங்கள் இன்னும் அவள் வீட்டுக்குத்தான் வந்தார்கள்.

இந்த முறை கீழத்தெருக் குழாயில் சாக்கடை கலந்து நாறியது. கரும்புக் கொல்லை வேலையை விட்டுவிட்டு அமிர்தம் மூன்று தடவை கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போய்வந்தாள். மூன்றாவது தடவை, புதிதாக மாற்றலாகி வந்திருந்த அதிகாரி மனுவைப் படித்துவிட்டு, இதை எந்தப் பொறுப்பில் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். அமிர்தம் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியவள் நேரே சபுராவின் மளிகைக் கடைக்குப் போய் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தாள். கீழத்தெருப் புவனேஸ்வரியும் அங்கே நின்றிருந்தாள். அவள் குழந்தைக்கு நாலு நாளாக வயிற்றுப்போக்கு. போன காரியம் என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

"நான் இனிமே போமாட்டேன்," என்றாள் அமிர்தம். "நீ யாருன்ற மாதிரி கேக்கறாரு. எனக்கே தெரியலடி. தண்ணி உன் வூட்டுக்குத்தான வருது, நீ போய்க் கேளு."

தனக்கு அங்கெல்லாம் பேசத் தெரியாது என்றாள் புவனேஸ்வரி.

"எனக்கு மட்டும் இன்னா தெரிஞ்சுது? போய் நின்னு நின்னு தெரிஞ்சிக்கினதுதான்."

சபுரா, திங்கட்கிழமை கடையை மூடிவிட்டுத் தானும் கூட வருவதாகப் புவனேஸ்வரியிடம் சொன்னாள். இருவரும் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டார்கள். வருகிறோம் என்றவர்கள் இருபது பேர். பஸ் ஏறியவர்கள் ஆறு பேர்.

அமிர்தம் கொல்லையில் கரும்புச் சோகை உரித்துக்கொண்டிருந்தாள். தப்புப் பண்ணிவிட்டோமோ என்று இரண்டு முறை போனை எடுத்துப் பார்த்தாள். மத்தியானம் சபுரா கூப்பிட்டாள். இரண்டு மணி நேரம் காத்திருந்த பிறகு உள்ளே விட்டார்களாம். அதிகாரி அதே கேள்வியைக் கேட்டாராம். புவனேஸ்வரி குழந்தையின் ஆஸ்பத்திரிச் சீட்டை மேஜைமேல் வைத்து, "அந்தத் தண்ணியக் குடிக்கிறவங்க சார்," என்றாளாம்.

வியாழக்கிழமை ஆட்கள் வந்து குழாயை மாற்றினார்கள். பாதித் தெருவுக்குத்தான். மீதி அடுத்த மாதம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்த மாதம் யாரும் வரவில்லை. மறுபடி மனு எழுதினாள் புவனேஸ்வரி. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சபுரா கையெழுத்து வாங்கினாள். அமிர்தம் இருபத்துமூன்றாவது ஆளாகப் போட்டாள். திங்கட்கிழமை கூட வர முடியுமா என்று சபுரா கேட்டதற்கு, பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, வாங்கிய புளியோடு வீட்டுக்கு நடந்தாள்.