இடுப்பு உயரத்தில் ஒரு பனை

வனக்காவலர் அவள். எதிரே உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தவரைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. வேறு யாராவது என்றால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பாள். சொந்த அக்கா புருஷன் ஆயிற்றே! தீவில் அவருக்குத்தான் ஆடு அதிகம். ஆடுகளைப் பட்டியில் அடைத்துத் தீனி போட அவர் சம்மதித்தால் மற்றவர்களும் மடங்கிவிடுவார்கள். அவரோ பிடியே கொடுக்கவில்லை.

"காடு பச்சைப்பசேல்னுதானே நிக்குது? என் ஆடு என்ன மரத்தையா முழுங்குது?"

"முளையை முழுங்குது அத்தான். நிக்கிறதெல்லாம் கிழடு. அதுங்க சாஞ்சா அப்புறம் மொட்டைப் பாறைதான்."

"உனக்கு உன் காடு, எனக்கு என் பொழப்பு."

என்ன பேச்சு இது! ஆடு இந்த மண்ணிலா பிறந்தது? படகில் ஏற்றி வந்து இறக்கிவிட்டது. காடு முழுக்க நிற்கும் இந்தப் பனை வகையோ இந்தத் தீவை விட்டால் வேறெங்கும் கிடையாது. வந்தது வயிறு முட்டத் தின்கிறது, இருந்தது வாரிசில்லாமல் சாகிறது. கேட்க நாதியில்லை.

"சரி, கிளம்புங்க. உங்க இடுப்பு உயரத்துக்கு ஒரே ஒரு பனை காட்டுங்க. அப்புறம் நான் வாயே திறக்கல."

"நீயா? வாயைத் திறக்காமயா? அதுக்காகவே வரேன்."

காட்டுக்குள் நுழையும்வரை அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. தலைக்கு மேலே ஓலை அடர்ந்து கிடந்தது. கீழே ஆட்டுப் புழுக்கை, கொறித்துப் போட்ட குருத்து. ஒவ்வொரு மரத்தடியிலும் குனிந்து பார்த்தார், புதரை விலக்கினார். போகப் போக முகம் சுண்டிவிட்டது. அவளுக்குக் கடுப்பு குறையவில்லை. இத்தனை வருஷமாக இதே வழியில் நடந்த மனுஷன், இன்றைக்குத்தான் குனிகிறார்!

கடைசியில், பாறைச் சரிவின் ஓரத்தில் ஒன்று இருந்தது. இடுப்பு உயரம் எங்கே, முழங்காலுக்குத்தான் வரும். ஆனாலும் பனை.

"கிடைச்சிடுச்சு! ஓடி வா, கிடைச்சிடுச்சு!"

சந்தோஷத்தில் தொண்டை கிழியக் கத்தினார். கத்தியதுதான் தப்பு. கீழே மேய்ந்துகொண்டிருந்த அவருடைய ஆடுகளுக்கு அந்தக் குரல் அத்துப்படி. அவர் கூப்பிட்டால் கையில் தீனி இருக்கும். அவளை முந்திக்கொண்டு அவை சரிவில் ஏறின. அவர் கையை விரித்து மறித்துப் பார்த்தார். முன்னால் வந்த கிடா அவர் காலிடுக்கில் தலையை நுழைத்து ஒரே கடி கடித்தது. குருத்து போயிற்று.

"வாயில்லா ஜீவன்," என்றார் மெதுவாக. "அதுக்கு என்ன தெரியும்?"

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "அதுக்குத் தெரியாது, சரி. உங்களுக்கு?"

இன்னும் மென்றுகொண்டிருந்த கிடாவின் கொம்பை இறுக்கிப் பிடித்தார்.

"கயிறு வச்சிருக்கியா?" என்று கேட்டார்.